புதுமுகமும் சராசரியும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் மார்க்கமாகக் கிழக்கு நோக்கிச் சென்றால் கடற்கரையை முட்டுகிற இடத்தில் இருக்கும் கோவளம், ஆர்க்காட்டு நவாபின் காலத்தில் துறைமுகமாக விளங்கி, பிறகு பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1752இல் ராபர்ட் கிளைவ் வந்து பிடித்துக்கொண்டதோடு கோட்டையையும் பெருமையையும் ஒருங்கே இழந்து, வெகுகாலம் மீன்பிடி கிராமமாகவே ஒதுங்கிக் கிடந்த ஊர். அந்த ஊரைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் என்ற மீனவர், அலையின் மீது பலகையைப் போட்டு அதில் நின்று வரும் வித்தையைத் தாமாகவே பழகிக்கொண்டு, தம்மைச் சுற்றியிருந்த பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்க, தொழிலதிபர் அருண் வாசுவின் ஒத்தாசையோடு 2012இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி ஒன்று உருவாயிற்று. அதற்கு அடுத்த வருஷம் முதல் போட்டியும் விழாவும் நடக்கலாயின. வலை இழுத்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பந்தயச் சட்டை அணிந்து கடலில் இறங்குவதைக் கரையில் நின்று ஊரே பார்க்கிறது.

இந்த விளையாட்டின் மதிப்பெண் முறை நம் விஷயத்துக்கு மிகவும் உபயோகமானது. ஒரு சுற்றுக்கு இருபது முதல் முப்பது நிமிஷம். அதற்குள் பல அலைகளைப் பிடிக்கலாம். ஒவ்வோர் அலைக்கும் நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று போட, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுப்பார்கள். ஆளுக்கு மிகச் சிறந்த இரண்டு அலைகளின் மதிப்பெண்ணே கணக்கில் சேரும். ஆகவே ஒருவனுடைய வெற்றி இரண்டு சரக்குகளால் ஆனது. எங்கே காத்திருப்பது, எப்போது துடுப்பாகக் கையை வீசுவது, எந்தக் கணத்தில் எழுந்து நிற்பது என்பவை அவன் சாமர்த்தியம். அந்த இருபது நிமிஷத்துக்குள் நல்ல அலையாக இரண்டு அவன் நின்ற பக்கம் வந்து சேருமா என்பது கடலின் சித்தம். நல்ல அலைகள் இரண்டு கிடைத்து, பதினேழு பதினெட்டு என்று எண் வாங்கிக் கரையேறும் புதுப் பையனைப் பார்த்துக் கூட்டம் ஒருமிக்க, “இவன் பெரிய ஆளா வருவான் பாருங்க” என்கிறது. அடுத்த சுற்றில் கடல் படுத்துவிடுகிறது. பையன் பத்து எண்கூட எட்டாமல் திரும்புகிறான். “என்ன ஆச்சு இவனுக்கு?” என்று அதே கூட்டம் கேட்கிறது. அந்தக் கேள்விக்குக் கணித சாஸ்திரம் வைத்திருக்கும் விடைதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

அலைச்சறுக்கில் அதிர்ஷ்டம் என்பது உப்புநீராகக் கண்முன் எழுந்து நிற்பதால் அதை யாரும் மறுப்பதில்லை. மற்ற விளையாட்டுகளில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்வதால், விளைவு முழுவதையும் ஆட்டக்காரனுடைய குணத்தின் மேல் ஏற்றிவிடுகிறோம். அமெரிக்கர்கள் தம் நாட்டுக் கால்பந்தில் வைட் ரிசீவர் என்றழைக்கும் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். வரிசையின் விளிம்பில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் எதிராளியை ஏமாற்றி ஓடி, பின்னாலிருந்து குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பறந்து பிடிப்பது அவர் வேலை. எறிபவர் சரியாக எறிய வேண்டும். எறிபவரை எதிரிகள் சாய்த்துவிடாமல் மற்றவர்கள் அரண் கட்டி நிற்க வேண்டும். திட்டம் வகுத்தவர் அந்தப் பந்தை இவர் பக்கம் அனுப்பத் தீர்மானித்திருக்கவும் வேண்டும். ஒரு பருவத்துக்கு ஓர் அணிக்குப் பதினேழே ஆட்டங்கள். ஓர் ஆட்டத்தில் ஒருவர் பக்கம் வரும் பந்துகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்படி நாலு பேர் தயவில் நடக்கும் தொழிலில், கல்லூரி முடித்து அப்போதுதான் வந்திருக்கும் ஓர் இளைஞன் மீது ஒரு நகரமே தன் நம்பிக்கையைக் கொண்டுபோய் வைக்கிறது.

2021இல் சின்சினாட்டி அணிக்கு வந்த ஜமார் சேஸ், பருவம் தொடங்குமுன் நடந்த ஒத்திகை ஆட்டங்களில் கைக்கு வந்த பந்துகளை வரிசையாக நழுவவிட்டபோது, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் அவரை ஐந்தாவது ஆளாக எடுத்தது மகா தவறு என்று ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பருவம் முடிகையில் அவர் பந்தைப் பிடித்து மொத்தம் 1,455 கஜம் முன்னேறி, நவீன காலத்துப் புதுமுகங்களுக்குரிய சாதனையைத் தம் பெயரில் எழுதிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து அந்தச் சாதனையை 1,486 கஜம் சேர்த்து முறியடித்த பூக்கா நக்குவா, 177ஆவது ஆளாக, அதாவது பந்தி பாதிக்குமேல் முடிந்த பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிடிப்பாளர்களிலேயே தலைசிறந்தவர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் ஜெர்ரி ரைஸ்கூட 1985இல் தம் முதல் வருஷத்தில் பந்தைத் தவறவிட்டுச் சொந்த அணி ரசிகர்களின் கேலிக்கு ஆளானவரே. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்லுகிற பழமொழி பயிர்த்தொழிலுக்கு எவ்வளவு பொருத்தமோ அறியேன்; பந்தாட்டத்துக்கு அது கைகொடுப்பதில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1988 ஜனவரி 11ஆம் தேதி சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் தொடங்கியபோது, கண்ணாடி அணிந்த பத்தொன்பது வயது நரேந்திர ஹிர்வானி முதன்முறையாக இந்தியாவுக்காகக் களம் இறங்கினார். ஆடுகளம் முதல் நாளிலிருந்தே புழுதி கிளப்பியது. விவியன் ரிச்சர்ட்ஸையும் அவர் தோழர்களையும் கால்சுழலாலும் கூக்ளியாலும் திணற அடித்து, முதல் இன்னிங்ஸில் 61 ஓட்டங்களுக்கு 8, இரண்டாவதில் 75 ஓட்டங்களுக்கு 8, ஆக 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை அவர் வாரிக்கொண்டார். இந்தியா 255 ஓட்டங்களில் வென்றது. அறிமுக டெஸ்டில் இதைவிடச் சிறந்த கணக்கு இன்றுவரை எவருக்கும் இல்லை. 1972இல் லார்ட்ஸ் மைதானத்தில் 137 ஓட்டங்களுக்கு 16 எடுத்த ஆஸ்திரேலியர் பாப் மாஸியை அவர் ஒரே ஓர் ஓட்டத்தால் முந்தினார். விக்கெட் காப்பாளர் கிரண் மோரே அந்த ஒரே டெஸ்டில் ஆறு பேரை ஸ்டம்பிங் செய்தார் என்பதையும் இங்கேயே குறித்துவைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் ஒருவர் பெயரில் எழுதப்படும் சாதனையில் எத்தனை பேருடைய கை கலந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

அதே வருஷம் நியூஸிலாந்து வந்தபோது மூன்று டெஸ்டுகளில் மேலும் 20 விக்கெட். நாலே டெஸ்டில் 36! முந்தைய தலைமுறையின் கால்சுழல் வீரர் பி. எஸ். சந்திரசேகருக்கு வாரிசு கிடைத்துவிட்டான் என்று தேசமே நிம்மதிப் பெருமூச்சு விட்ட அந்த நிலையிலிருந்து, அடுத்த பதின்மூன்று டெஸ்டுகளில் அவருக்குக் கிடைத்தது 30 விக்கெட் மட்டுமே. 17 டெஸ்டுகளில் 66 விக்கெட்டோடு அவர் கணக்கு முடிந்தது. உழைப்பில் அவர் சோர்ந்தார் என்று சொல்லவும் வழியில்லை: 1990இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரு முனையிலிருந்து தொடர்ந்து 59 ஓவர்களை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காமல் வீசினவர் அவர். ஆயினும் ரசிகர்களுக்குக் காரணம் வேண்டியிருந்தது. தலைக்கனம் என்றார் ஒருவர். கண் பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். எதிரணிகள் அவருடைய வித்தையைப் படித்துவிட்டன என்றார் சற்று விவரம் தெரிந்த மூன்றாமவர். மூன்றாமவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இந்தக் காரணங்களில் எதுவுமே இல்லாதிருந்தாலும் அவர் விக்கெட் எண்ணிக்கை இறங்கித்தான் இருக்கும் என்பதே புள்ளியியல் சொல்லும் சேதி.

கோவளம் மீனவர் இதை எந்தப் பாடப் புத்தகமும் இல்லாமல் அறிந்திருக்கிறார். ஒரு நாள் மீன்பாடு எக்கச்சக்கமாகக் கிடைத்துப் படகு தாழத் தாழக் கரை சேர்ந்தால், அன்று நல்ல நாள் என்று சந்தோஷப்படுவாரே அல்லாமல், மறுநாளும் அவ்வளவு வரும் என்று நம்பி யாரிடமும் வாக்குக் கொடுக்கமாட்டார். மறுநாள் வலை பாதி காலியாக வந்தாலும் தமக்குத் தொழில் மறந்துவிட்டது என்று கவலைப்படவும் மாட்டார். மிகையான நாள் என்பது சாமர்த்தியமும் சந்தர்ப்பமும் ஒரே திசையில் இழுத்த நாள். சாமர்த்தியம் மறுநாளும் கூடவே வரும், சந்தர்ப்பம் வரவேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த எளிய உண்மையை முதலில் அளந்து காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்ட்டன். இனிப்புப் பட்டாணி விதைகளைப் பருமன் வாரியாகப் பிரித்து நண்பர்களிடம் கொடுத்து விளைவித்துப் பார்த்தபோது, பெரிய விதையின் சந்ததி பெரிதாகவே இருந்தாலும் தாய் விதையின் அளவுக்குப் பெரிதாக இல்லை என்பதையும், சிறிய விதையின் சந்ததி சிறிதேயாயினும் அவ்வளவு சிறிதில்லை என்பதையும் கண்டு வியந்த அவர், பிறகு மனிதர் பக்கம் திரும்பினார். 1886இல் வெளியிட்ட ஆய்வில் 205 தம்பதிகளையும் அவர்களுக்குப் பிறந்து வளர்ந்த 928 பேரையும் உயரத்தில் ஒப்பிட்டார். பெற்றோர் சராசரியைவிட எவ்வளவு உயரமோ, பிள்ளைகள் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே உயர்ந்திருந்தார்கள். ஏதோ ஒரு சக்தி மனித குலத்தை நடுத்தரத்துக்கு இழுத்துக்கொண்டிருப்பதுபோல முதலில் தோன்றியது. ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, மிக உயரமான பிள்ளைகளிலிருந்து தொடங்கிப் பெற்றோரைப் பார்த்தாலும் இதே சரிவுதான் தெரிகிறது! காலத்தில் பின்னோக்கி வேலை செய்யும் சக்தி என்று ஒன்று இருக்க முடியாதல்லவா? ஆகவே இது சக்தியன்று. முழுமையாக ஒட்டிப்போகாத இரண்டு அளவுகளை ஒப்பிடும் இடத்திலெல்லாம் தவிர்க்க முடியாமல் எழும் கணித நியதி. சராசரிக்கு மீள்தல் என்று அதைச் சொல்லலாம்.

பந்துவீச்சுக்கு அதைப் பொருத்திப் பார்க்க ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நூறு புதுமுகங்கள், எல்லோரும் அச்சாக ஒரே திறமை உள்ளவர்கள், ஒவ்வொருவரும் நெடுநாள் ஆடினால் டெஸ்டுக்கு 4 விக்கெட் வீதம் எடுக்கக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். விக்கெட் விழுவது ஏறக்குறையத் தற்செயலாக நிகழும் சம்பவங்களின் விதிப்படி நடக்குமானால், முதல் டெஸ்டில் அவர்களில் ஐந்து பேர் 8 அல்லது அதற்கு மேல் எடுத்துவிடுவார்கள். ஓரிருவர் ஒரு விக்கெட்கூட இன்றி முகம் தொங்கி வருவார்கள். பத்திரிகைகள் அந்த ஐவர் படத்தையும் முதல் பக்கத்தில் போடும். அடுத்த டெஸ்டில் அந்த ஐவருடைய சராசரி மறுபடியும் 4தான். “சரிந்தார்கள்” என்று தலைப்பு வரும். யாரும் எங்கிருந்தும் சரியவில்லை. எல்லோரும் ஒரே சமதரையில் நின்றவர்களே. நாம்தான் அவர்களில் அதிர்ஷ்டம் அள்ளிக் கொடுத்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து மேடையில் ஏற்றினோம்.

இந்த நியதி ரசிகர்களை மட்டுமல்ல, ஆசான்களையும் ஏமாற்றியிருக்கிறது. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப் படையில் பயிற்சியாளர்களுக்கு, தண்டனையைவிடப் பாராட்டு நல்ல பலன் தரும் என்று போதித்துக்கொண்டிருந்தபோது, அனுபவசாலியான ஒருவர் எழுந்து, தாம் கண்டது நேர்மாறு என்றும், நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் மறுமுறை கெடுத்துவிடுகிறான், மோசமாகப் பறந்தவனை வைதால் மறுமுறை திருந்திவிடுகிறான் என்றும் மறுத்தார். கானமன் அவர்கள் எல்லோரையும் வரவழைத்து, முதுகுக்குப் பின்னால் தரையில் ஒரு குறி வரைந்து, திரும்பிப் பார்க்காமல் ஆளுக்கு இரண்டு நாணயம் எறியச் சொன்னார். முதல் நாணயத்தைக் குறிக்கு மிக அருகில் எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் விலகினார்கள். வெகுதூரம் தவறவிட்டவர்கள் நெருங்கினார்கள். அவர்களை யாரும் பாராட்டவுமில்லை, வையவுமில்லை. அடியாத மாடு படியாது என்று நம் உடற்பயிற்சி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்ததற்கு மூலம் கொடுமை அன்று, இந்தக் கணக்குப் பிழையாகவே இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பையன் மிக மோசமாக ஆடிய அன்று அடி விழுகிறது. மறுநாள் தானாகவே சராசரிக்கு வருகிறான். புகழ் பிரம்புக்குப் போகிறது.

அப்படியானால் முதல் ஆட்டத்தை வைத்து ஒன்றுமே சொல்லக் கூடாதா? சொல்லலாம், கண்டதைச் சராசரியை நோக்கிச் சுருக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். எவ்வளவு சுருக்குவது என்பதற்கு அளவுகோல் இரண்டு: அந்த விளையாட்டில் ஆளுக்கு ஆள் திறமை எவ்வளவு வேறுபடுகிறது, ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் தற்செயல் எவ்வளவு ஆட்டுவிக்கிறது. தற்செயல் பெரிதாக இருந்தால் அதிகம் சுருக்க வேண்டும். பார்த்த ஆட்டங்கள் கூடக் கூடக் குறைவாகச் சுருக்கினால் போதும். 1950களிலும் 1961இலும் சார்லஸ் ஸ்டைன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களை ஒன்றாக வைத்து மதிப்பிடும்போது, ஒவ்வொருவர் எண்ணையும் உள்ளது உள்ளபடி நம்புவதைவிட எல்லோரையும் பொதுவான ஒரு புள்ளியை நோக்கிச் சுருக்குவதே மொத்தத்தில் குறைந்த பிழை தரும் என்று நிரூபித்தபோது, அவர் சகபாடிகளில் பலருக்கே அது நம்பும்படியாக இல்லை.

பிராட்லி எஃப்ரனும் கார்ல் மாரிஸும் 1977இல் அதைச் சாமானியருக்கும் விளங்கும்படி செய்து காட்டினார்கள். 1970ஆம் வருஷப் பேஸ்பால் பருவத்தில் பதினெட்டு ஆட்டக்காரர்கள் முதல் 45 முறை மட்டை பிடித்ததில் பெற்ற வெற்றி விகிதத்தை எடுத்தார்கள்; எல்லோருடைய சராசரி 0.265. உச்சியில் நின்ற ரொபெர்ட்டோ கிளெமென்ட்டேக்கு 0.400, அடியில் இருந்தவருக்கு 0.156. சூத்திரப்படி சராசரியிலிருந்து விலகிய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அதிர்ஷ்டம் என்று தள்ளினார்கள். பருவத்தின் எஞ்சிய நாட்களில் நடந்ததோடு ஒப்பிட்டபோது, சுருக்கிய மதிப்பீடுகளின் மொத்தப் பிழை, சுருக்காதவற்றின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. ஆனால் கிளெமென்ட்டேயைச் சூத்திரம் குறைத்து மதித்துவிட்டது: அவருக்கு அது 0.294 என்றது, அவர் எடுத்ததோ 0.346. கூட்டத்துக்கு நியாயம் செய்கிற சூத்திரம், கூட்டத்தில் உண்மையிலேயே தனித்து நிற்கும் ஒருவனுக்குச் சிறிது அநியாயம் செய்துவிடுகிறது. அந்தக் குறை அதன் பிறவிக் குணம். அதை ஒளிக்கவும் முடியாது.

கிரிக்கெட்டில் இதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டாயிற்று. டெஸ்டுக்கு 4 விக்கெட் என்பதைப் பொதுச் சராசரியாகவும், முதல் டெஸ்டின் விலகலில் ஐந்தில் ஒரு பங்கே நிஜத் திறமை என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 16 விக்கெட் எடுத்த ஹிர்வானிக்கும் மாஸிக்கும் இனி டெஸ்டுக்கு 6.4 எதிர்பார்க்கலாம். ஹிர்வானி மிச்சமிருந்த பதினாறு டெஸ்டுகளில் எடுத்தது சராசரி 3.1, மாஸி ஆடிய எஞ்சிய ஐந்தில் சராசரி 3. சிட்னியில் 150 ஓட்டம் கொடுத்து ஒரே விக்கெட்டோடு அறிமுகமான ஷேன் வார்னுக்கு நம் கணக்கு 3.4 என்கிறது, அவர் எட்டியது 4.9. அறிமுகத்தில் 3 விக்கெட் எடுத்த கண்டித் தமிழர் முத்தையா முரளிதரனுக்குக் கணக்கு 3.8, அவர் போய்ச் சேர்ந்த இடம் 6. மேற்கு மாம்பலத்து ரவிச்சந்திரன் அஸ்வின் 2011இல் டில்லியில் 9 விக்கெட்டோடு தொடங்கினார், கணக்கு 5, அதற்குப் பின் ஆடிய 105 டெஸ்டுகளில் அவர் எடுத்தது சராசரி 5.03. ஐந்து பேரிலும் சுருக்கிய மதிப்பீடே உண்மைக்கு அருகில் நிற்கிறது. எடுத்துக்காட்டுக்காக ஓரங்களில் நின்றவர்களை நான் பொறுக்கியெடுத்திருக்கிறேன் என்பதையும், அது சூத்திரத்துக்குச் சாதகமான பொறுக்கல் என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். ஹிர்வானி 6.4இலிருந்தும் வெகுவாகக் கீழே இறங்கியதற்கு, சேப்பாக்கத்துப் புழுதி மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் கிடைக்கவில்லை என்பது போன்ற பௌதிகக் காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டுவதும் ஒருவகைச் சோம்பல்தான்.

எதிர்பார்ப்பை ஊதிப் பெருக்குவதில் ஏலத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஒரு பொருளின் மதிப்பு யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதபோது பலர் தனித்தனியே அதை மதிப்பிட்டுக் கேட்டால், அவர்களில் மிக அதிகமாகக் கூட்டிக் கணக்குப் போட்டவரே ஏலத்தை எடுக்கிறார். இதைச் சமுத்திரத்தடியில் எண்ணெய் தேடிய நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்தில் கைசுட்டுத் தெரிந்துகொண்டன. கல்லூரி ஆட்டக்காரர்களை அமெரிக்க அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் சந்தையை ஆராய்ந்த கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும், ஒரே இடத்துக்குரிய ஆட்டக்காரர்களில் முன்னதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக விளங்குவது நூற்றுக்கு ஏறக்குறைய 52 தடவைதான் என்று கண்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது! இத்தனைக்கும் அந்த அணிகள் ஆண்டு முழுவதும் ஆட்களை அனுப்பிப் பார்த்து, அளந்து, ஓடவிட்டுப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன.

தாம்பரத்துக்குத் தெற்கே காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்துவிட்டு, டென்னிஸ் பந்து ஆட்டங்களில் விரல் வித்தைகளைப் பழகிக்கொண்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பி வந்த வருண் சக்கரவர்த்தியை, 2018 தமிழ்நாடு பிரீமியர் லீகில் மதுரை அணிக்காகச் சிக்கனமாகப் பந்து வீசியதைக் கண்டு, அந்த டிசம்பரில் ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சம் கொடுத்து எடுத்தது. அடிப்படை விலை 20 லட்சம்; கூடியது நாற்பத்திரண்டு மடங்கு. விலைச்சீட்டு அவருக்கு முன்பே மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 2019 மார்ச்சில் கொல்கத்தா ஈடன் கார்டனில் அவர் வீசிய முதல் ஓவரில் 25 ஓட்டம் போயிற்று. அந்தப் பருவத்தில் காயத்தால் அந்த ஒரே ஆட்டத்தோடு அவர் ஒதுங்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பணமும் தண்டம் என்று சொன்ன ரசிகர்கள் ஆறு பந்துகளைச் சாட்சியாக வைத்துச் சொன்னார்கள். கொல்கத்தா அணி பிறகு 4 கோடிக்கு எடுத்தது; 2020இல் அவர் 17 விக்கெட் சாய்த்தார். 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் ஒரு விக்கெட்கூட இல்லை என்றதும் பேச்சு மறுபடி மாறியது. 2025 மார்ச்சில் துபாயில் நியூஸிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தபோது அவருக்கு வயது 33. இந்த ஏழு வருஷத்தில் ரசிகர் அபிப்பிராயம் குட்டிக்கரணம் அடித்த அளவுக்கு அவருடைய விரல்கள் மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எல்லோருக்கும் ஏழு வருஷம் கிடைப்பதில்லை. சென்னையில் பள்ளிப் பிள்ளையாக இருக்கும்போதே பெயர் பெற்ற லட்சுமண் சிவராமகிருஷ்ணன் பதினேழு வயதில் டெஸ்ட் ஆடி, 1984இல் பம்பாயில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளையும் அடுத்து டில்லியில் ஓர் இன்னிங்ஸில் 6 விக்கெட்டையும் எடுத்து, அந்த ஒரே தொடரில் 23 விக்கெட்டோடு நின்றவர். மொத்தம் அவர் ஆடிய டெஸ்டுகள் 9, எடுத்தவை 26. கடைசி டெஸ்டை ஆடி முடித்தபோது இருபது வயது. நாலு டெஸ்டு பார்த்தால்தான் ஒரு பந்துவீச்சாளரின் நிஜத் திறமையும் தற்செயலும் சரிபாதியாகப் பிரிந்து தெரியும் என்று, முதல் டெஸ்டின் விலகலில் ஐந்தில் ஒரு பங்கே திறமை என்ற நம் கணக்கு சொல்கிறது. ஒன்பது டெஸ்டுகளுக்குப் பிறகும் சந்தேகத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிச்சமிருக்கும். பம்பாயில் பார்த்ததும் அவரல்லர், பிறகு பார்த்ததும் அவரல்லர். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்த நிஜமான சிவராமகிருஷ்ணனைக் கண்டுபிடிக்கும் பொறுமை தேர்வாளருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

ஆஸ்திரேலியத் தேர்வாளர்கள் அந்த விஷயத்தில் சற்று நிதானம் காட்டினார்கள். சிட்னியில் 150 ஓட்டத்துக்கு ஒரு விக்கெட், அடுத்து அடிலெய்டில் 78 ஓட்டம் கொடுத்து விக்கெட்டே இல்லை என்று கணக்கு வைத்திருந்த பருமனான அந்த இளைஞனை, 1992 ஆகஸ்டில் இலங்கைக்குப் போன அணியிலும் சேர்த்துக்கொண்டார்கள். கொழும்பில் நடந்த முதல் டெஸ்டில் வெற்றிக்கு 181 வேண்டியிருந்த இலங்கை, கடைசி மூன்று விக்கெட்டுகளை ஷேன் வார்னிடம் ஓர் ஓட்டம்கூட எடுக்காமல் பறிகொடுத்து 164இல் சுருண்டது. அதே தொடரின் அடுத்த டெஸ்டில்தான் முரளிதரன் அறிமுகமாகி 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தார். அந்தக் கணக்கைப் பார்த்து இலங்கைத் தேர்வாளர்களும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.